அவுக சொன்ன சரி

கொஞ்சம் நெருங்கி உக்காரு தாயி. கேக்காமலே உன் பக்கத்துல வந்து உக்காந்துட்டேன், தப்பா எடுத்துக்காத. ஏழு மணிக்கு டாக்டரம்மா கூப்புடுறேன்னு சொல்லியிருக்கு. இப்ப மணி என்ன? ஆறு நாப்பதா. இன்னும் இருபது நிமிசம் கெடக்கு. அதுக்குள்ள யார்ட்டயாவது சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்.

இந்தா, இந்த வராண்டாக் கடைசில சக்கர நாற்காலியில உக்காந்து ஜன்னல் வழியா ரோட்டப் பாக்குறாகல்ல, அவுகதான் எங்க வீட்டுக்காரவுக. கூடலிங்கம்னு பேரு. முப்பத்தோரு வருசம் பஸ்ல கண்டக்டர். எம்பேரு முத்துப்பேச்சி. ஞாயித்துக்கெழமைல இருந்து இந்த வார்டுலதான் கெடக்கோம், ஜன்னலோரத்துப் பெட்டு. நீ மாமியாரச் சேத்திருக்கன்னு நர்சு சொல்லுச்சு. என்ன செய்ய, எல்லாரும் யாரையாவது சேத்துக்கிட்டேதான் இருக்கோம்.

என்ன, காப்பி குடிச்சாகளான்னு அவுகளையா கேக்குற? அவுகளக் கேட்டா அவுகளுக்கு என்ன தெரியும், என்னையக் கேளு. குடிச்சாக. சீனி இல்லாமத்தான் குடிச்சாக. நாம பேசுறது அவுகளுக்குக் கேக்காது, நீ சத்தமாவே பேசலாம். காது மந்தம். மந்தத்தோட மறதியும் சேந்துக்கிருச்சு.

நாலு வருசமாச்சு தாயி. கத்தரிக்கா வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பினேன், சாயங்காலம் வரைக்கும் ஆளக் காணோம். தேடிப் போனா, பஸ் ஸ்டாண்டுல நிக்கிறாக. டூட்டிக்கு வண்டி இன்னும் வரலன்னு பக்கத்துல நின்னவன்ட்ட கோவப்பட்டுக்கிட்டு இருக்காக. ரிட்டயர் ஆகி அப்பவே பத்து வருசம். அன்னைக்கிருந்து நான்தான் எல்லாம். அதுக்கு முன்னாடியும் நான்தான், அது வேற விசயம்.

போன மாசம் கால் கட்டவிரல்ல ஒரு புண்ணு. செருப்பு கடிச்சிருக்கு. சுகர் ஒடம்புல்ல. வலிக்குதான்னு கேட்டா இல்லன்னுதான் சொல்வாக. இல்ல, நான் கேக்கலயோ என்னமோ. காலுல சாக்ஸ் மாட்டிவிட்டேன், நல்லாருக்கும்னு நெனச்சேன். ஒரு நா குளிப்பாட்டும்போது பாக்குறேன், விரலு கருப்பா கெடக்கு.

இங்க கொண்டாந்ததும் டாக்டரம்மா பாத்துட்டு ஒளிவு மறைவில்லாம சொல்லிருச்சு. முட்டிக்குக் கீழ எடுத்தாகணும். எடுக்கலைன்னா விஷம் மேல ஏறும், உசுரு தங்காது, ஒரு மாசங்கூடத் தாங்குறது கஷ்டம். எடுத்தா பொழைக்கலாம், ஆனா படுக்கையும் நாற்காலியுமாத்தான் ரொம்ப நாளு. மயக்க மருந்துக்கப்புறம் மறதி இன்னும் கூடவும் செய்யலாம். அவ்வளவையும் சொல்லி முடிச்சுட்டு என் மூஞ்சியவே பாத்துச்சு.

எங்க கையெழுத்துப் போடணும்னு கேட்டேன் நான். வேற என்ன கேக்கச் சொல்ற? காலா உசுரான்னா யாராவது யோசிப்பாகளா?

அதுக்கு அது சொல்லுது, "மொதல்ல அவர்ட்ட கேக்கணும்மா. அவரோட காலு"ன்னு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. சின்னப் பிள்ள, எம்மக தேன்மொழி வயசுதான் இருக்கும், டாக்டரம்மா பேரு ஜெனிட்டா. கேளு தாராளமா, அவுக சரின்னுதான் சொல்வாகன்னேன். நாப்பத்தி மூணு வருசமா நான் கேட்டதுக்கெல்லாம் சரிதான். தேன்மொழிக்கு ஓசூர்ல மாப்பிள்ள பாத்தப்ப சரி. அவுக அம்மா இருந்த தெருவ விட்டுட்டு ஒத்தக்கடைக்குக் குடிவந்தப்ப சரி. ராத்திரிக்கு உப்புமான்னா சரி. எங்களுக்குள்ள சண்டையே வந்தது கெடையாது, தெருவுல யார வேணும்னாலும் கேட்டுப்பாரு.

திங்கக்கெழமை மத்தியானம் மூணு மணிக்கு, இந்தா எதுத்தாப்புல இருக்க டாக்டரு ரூம்புலதான், டாக்டரம்மா கேட்டுச்சு. ஐயா, உங்க காலுல கெட்டுப்போன புண்ணு இருக்கு, ஆபரேசன் பண்ணி எடுக்கணும், எடுக்கலாமா? சரின்னாக. பாத்தியா, முடிஞ்சதுன்னு நான் பேனாவுக்குக் கைய நீட்டுறேன். அது பேனாவத் தரல. கொஞ்ச நேரங்கழிச்சு மறுபடி கேக்குது. ஐயா, ஆபரேசன் வேண்டாம், அப்படியே விட்டுரலாமா? அதுக்கும் சரின்னாக. எனக்கு மூஞ்சி செத்துப்போச்சு. அந்தப் பிள்ள விடல. ஐயா, உங்களுக்கு மொட்டை போட்டுரலாமா? சரி. என்னைய உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீகளா? சரி.

நர்சுப் பிள்ளைகளெல்லாம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குதுக. அவுகளும் கூடச் சேந்து சிரிச்சாக. எனக்குத்தான் சிரிப்பு வரல தாயி. ஏன்னா, நாப்பத்தி மூணு வருசத்துச் சரியும் ஒவ்வொண்ணா எனக்கு முன்னால வந்து நின்னுச்சு. சரி, அத விடு, அப்பல்லாம் அவுகளுக்கு நல்ல ஞாபகம். அது வேற, இது வேற.

டாக்டரம்மா என்னைய ஓரமாக் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொல்லுச்சு. இந்தச் சரிய நான் எழுத முடியாதும்மா. காதுக்கு மிஷின் வச்சிருக்காருல்ல, அத மாட்டணும். கண்ணாடி போடணும். எந்த நேரம் தெளிவா இருப்பாரோ அந்த நேரத்துல, சின்னச் சின்னதா, படம் வரஞ்சு காட்டிக் கேக்கணும். கேட்டுட்டு அவரு சொல்ற வரைக்கும் காத்திருக்கணும். நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது. அப்படியும் அவருக்கு விளங்கலன்னா, அப்புறம் நீங்க, உங்க மக, நானு எல்லாம் உக்காந்து அவருக்கு எது புடிக்கும்னு யோசிச்சு முடிவு பண்ணலாம். ஆனா மொதல்ல அவரு.

எந்த நேரம் தெளிவா இருப்பாருன்னு கேட்டுச்சு. எப்பவும் இப்படித்தாம்மான்னேன். அதுவரைக்கும் சும்மா இருந்த மனுசன் தலைய நிமித்தி, "மொத ஷிப்டு, நாலர மணி டூட்டி"ங்கிறாக. கேக்காதுன்னு நெனச்சா இதுமட்டும் எப்படிக் கேட்டுச்சோ. டாக்டரம்மா அதக் கப்புன்னு புடிச்சுக்கிருச்சு. அப்ப காலைலதான் முழிப்பா இருப்பாரு, புதன்கெழமை நான் ஏழு மணிக்கே வந்துர்றேன்னுச்சு. இன்னைக்குத்தான் புதன்கெழமை.

போறப்ப இன்னொண்ணு கேட்டுச்சு. அவரு வேண்டாம்னா எப்படிம்மா சொல்வாரு? ஒவ்வொருத்தருக்கு ஒரு மாதிரி இருக்கும்ல. அவுக வேண்டாம்னு சொன்னதே இல்லம்மான்னுட்டு வந்துட்டேன்.

வந்து கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்தப்பதான் சுருக்குன்னுச்சு. நான் சொன்னது பொய்யி. வீட்டுலதான் அவுக சரி சரின்னு கெடப்பாக. வண்டியில ஏறிட்டா வேற ஆளு. நீயும் பஸ்ல போறவதான, கண்டக்டர் ரைட்டுன்னா வண்டி போகும், ஹோல்டான்னா வண்டி நிக்கும். அந்த ரெண்டு வார்த்தையும் அவுகளுக்கு வெளையாட்டு கெடையாது. படியில கால வச்ச ஆளு ரெண்டு காலையும் உள்ள வைக்கிற வரைக்கும் ரைட்டு சொல்ல மாட்டாக. டிரைவர் திரும்பிப் பாத்து முறைச்சாலும் சரி, பின்னால வண்டிக்காரன் ஆரனப் போட்டு அலறவிட்டாலும் சரி. நானே ஒரு தடவ, கொழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு, போதும் போகச் சொல்லுங்க எல்லாரும் பாக்குறாகன்னேன். நீ சும்மா இருன்னாக. என்னைய அவுக சும்மா இருன்னது அந்த ஒரு தடவதான்.

நேத்துக் காலைல ஆறு மணி இருக்கும். டாக்டரம்மா கேக்குறதுக்கு முன்னாடி நானே ஒரு தடவ கேட்டுப் பாத்துரலாம்னு தோணுச்சு. பரிட்சைக்கு முந்தி கேள்வித்தாளப் பாத்துக்குற மாதிரின்னு வச்சுக்கயேன். காது மிஷின மாட்டிவிட்டேன். கண்ணாடியத் தொடச்சுப் போட்டுவிட்டேன். கேண்டீன்ல காப்பி வாங்கியாந்து கையில குடுத்தேன். அவுக என்னைய ஏறெடுத்துப் பாத்து, "பேச்சி, இதுல சீனி போடலையா"ன்னாக. ஆறு மாசமா என்னைய அவுக அம்மான்னு நெனச்சுக்கிட்டு இருந்தாக தாயி. பேச்சின்னாக.

நான் மெதுவா சொன்னேன். கால்ல இருக்க புண்ணு கெட்டுப்போச்சுங்க. டாக்டரு கால எடுக்கணும்ங்கிறாக. எடுக்கலைன்னா நீங்க செத்துப்போவீக. அவுக கட்டு போட்டிருந்த காலப் பாத்தாக. "இதையா"ன்னாக. ஆமான்னேன். "எது வரைக்கும்"னாக. முட்டிக்குக் கீழ என் கைய வச்சுக் காட்டினேன். என் கைய எடுத்துட்டு அந்த எடத்துல அவுக கைய வச்சாக. வச்சு அப்படியே உக்காந்திருந்தாக. ரொம்ப நேரம். அந்த நேரம் இருக்குல்ல, அத என்னால தாங்க முடியல. அவுக கண்ணு ரெண்டும் அவ்வளவு தெளிவா இருந்துச்சு. மறதி வந்ததுல இருந்து நான் கும்புடாத சாமி இல்ல, அந்தத் தெளிவுக்குத்தான் கும்புட்டேன். அது வந்து நிக்கையில எனக்கே அது வேண்டாம்னு இருக்கு.

அப்பச் சொன்னாக. "ஹோல்டான்."

கத்தல. டிரைவருக்கு மட்டும் கேக்குற மாதிரி மெதுவாத்தான் சொன்னாக. சொல்லிட்டு, என்னையப் பாத்து இன்னும் என்னமோ சொல்ல வாயத் தொறந்தாக. அதுக்குள்ள எங்கையி போயி காது மிஷின எடுத்துருச்சு. நான் நெனச்சு எடுக்கல, என் ஆத்தா மேல சத்தியமா கையி தானாப் போச்சு. காப்பி ஆறுது, குடிங்கன்னேன். வாயப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டாகபோல. சரின்னுட்டுக் குடிச்சாக.

வேண்டாம்னுட்டாக தாயி. எனக்கு அப்படித்தான் கேட்டுச்சு. நிறுத்துங்கிறாகன்னா வேற என்ன? இப்ப ஏழு மணிக்கு அதே தெளிவோட உள்ள போயி டாக்டரம்மாகிட்டயும் அதச் சொல்லிட்டாகன்னா? அது எழுதிக்கிரும். நீங்க சொன்னதுதான் முடிவுய்யான்னு சொல்லிரும். ஒரு மாசம். அப்புறம் அந்த வீட்டுல நான் யார்ட்டப் பேசுவேன்? அவுக பதிலே சொல்ல வேண்டாம், சரின்னாப் போதும். அந்தச் சரியும் இல்லாத வீட்டுல நான் எப்படி இருப்பேன்னு யாராவது என்னையக் கேட்டாகளா?

அதனாலதான் மிஷின பைக்குள்ள போட்டுட்டேன். இந்தா இருக்கு, துண்டுக்குள்ள சுத்தி வச்சிருக்கேன். பேட்டரி தீந்துபோச்சுன்னு சொல்லிரலாம்னு இருக்கேன். நேத்துப் பூரா அவுக காதோரமாக் குனிஞ்சு சத்தமாச் சொல்லிக் குடுத்தேன். டாக்டரு என்ன கேட்டாலும் "எடுத்துருங்கம்மா"ன்னு சொல்லுங்க. படிச்சுட்டாக. ஸ்டாப் பேரு சொல்ற மாதிரி கணக்காச் சொல்றாக, எடுத்துருங்கம்மா, எடுத்துருங்கம்மான்னு. நர்சு வந்து தட்ட எடுக்கவான்னு கேட்டதுக்கும் அதையேதான் சொன்னாக.

அப்படிப் பாக்காத தாயி. உன் மாமியாருக்கு இந்த நெலம வந்தா நீ என்ன செய்வ? செய்ய மாட்டியா? சரி, நீ செய்ய மாட்ட. நீ நல்லவ.

கோச்சுக்காத. பயத்துல வாய் என்னத்தையோ பேசுது.

ஒண்ணு சொல்றேன், யார்ட்டயும் சொல்லாத. அவுக செத்துருவாகங்கிற பயம் ஒண்ணு இருக்கு. அது பெருசுதான். ஆனா நேத்து சாயங்காலத்துல இருந்து இன்னொண்ணு புடிச்சுக்கிருச்சு. இந்த வார்டுல போன வருசம் ஒருத்தருக்குக் காலு எடுத்தாகளாம், இதே மறதிக்காரரு. தெனமும் கட்டில விட்டு எறங்கப் பாப்பாராம், இல்லாத கால ஊண்டி. என் காலு எங்கன்னு தெனமும் கேப்பாராம். நர்சு சாதாரணமாத்தான் சொல்லுச்சு.

இவுகளும் கேப்பாக. பேச்சி, என் காலு எங்க? யாரு எடுக்கச் சொன்னது? நான் என்ன சொல்வேன்? நீங்கதான் டாக்டர்ட்ட எடுத்துருங்கம்மான்னு சொன்னீக, மறந்துட்டீகன்னு சொல்லணும். அடுத்த நா மறந்துரும். மறுபடி மொதல்ல இருந்து, பேச்சி, என் காலு எங்க? ஒரு தடவன்னா பொய்யச் சொல்லிட்டு ஒதுங்கிரலாம். தெனமும் அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டு சொல்லணும். அவுக நம்பாமச் சண்டைக்கு வந்தாக்கூடத் தேவலை. நம்பிருவாக தாயி. நான் சொன்னா அப்படியே நம்பிருவாக. சரின்னுட்டுப் படுத்துக்கிருவாக. அதுக்குத்தான் எனக்குப் பயம்.

மணி என்ன? ஏழு அடிக்கப் போகுதா? அந்தா வருது பாரு டாக்டரம்மா, படம் வரையிற நோட்டக்கூட கையில வச்சிருக்கு. நீ எந்திரிச்சுப் போயிறாத, இங்கயே இரு. இந்தப் பையக் கொஞ்சம் புடி. துண்டு எங்க... இந்தா. ஒளிச்சு வைக்கவும் முடியல, மாட்டிவிடவும் முடியல. நீயாவது அவுக காதுல இத... இரு, இரு. அவுகளே கைய நீட்டுறாக. குடு. மாட்டிக்கிட்டாக. தானாவே மாட்டிக்கிட்டாக பாரு. நாலு வருசமா நான்தான மாட்டிவிடுறேன்.

வணக்கம்மா. ஆமாம்மா, மிஷின் வேலை செய்யுது. கண்ணாடியும் இருக்கு. நானுமா? வெளியயா? சரிம்மா. பத்து நிமிசந்தான? சரி. ம்மா, ஒரு நிமிசம். அவுகளுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்திருக்கேன், எடுத்துருங்கம்மான்னு. அதச் சொன்னாகன்னா அது நான் சொன்னது. அத எழுதிக்கிறாதீக. அவுக வேண்டாம்னா வேண்டாம்னு சொல்ல மாட்டாக. ஹோல்டான்னு சொல்வாக. அதச் சொன்னதுக்கப்புறமும் பேசுவாக, கொஞ்ச நேரம் காத்திருங்க. நான் நேத்துக் காத்திருக்கல.

கதவச் சாத்திட்டாக.

திரும்பிக்கூடப் பாக்காம உள்ள போயிட்டாக பாரு. நாப்பத்தி மூணு வருசத்துல நான் இல்லாம ஒரு டாக்டரயும் பாத்ததில்ல. ஒரு தலைவலி மாத்திரைக்குக்கூட நான்தான் வாயத் தொறப்பேன். உள்ள என்ன கேக்கும்? அவுகளுக்குப் புரியுமா? புரிஞ்சிருமோ? எதுக்குப் பயப்படுறதுன்னே தெரியல தாயி.

இரு. அது அவுக கொரலு. கண்டக்டர் கொரலுல்ல, கதவு என்ன பண்ணும் அதுக்கு. பேசாத, கேக்க விடு. "ஹோல்டான்"னாக. கேட்டியா? சொல்லிட்டாக. போச்சு. எல்லாம் போச்சு.

இல்ல, இன்னும் பேசுறாக. "அவளுக்கு முழங்கால் வலி"ங்கிறாக. என்னையத்தான் சொல்றாக. "ஒத்தையில தூக்க மாட்டா." அப்புறம்? "வேற ஆளு யாரு இருக்கா? அதச் சொல்லுங்க மொதல்ல." அப்படித்தான கேக்குறாக? நேத்து வாயத் தொறந்தாகளே, இதக் கேக்கத்தானா? என் முழங்காலப் பத்தி நான் அவுகட்டச் சொன்னதே இல்லையே. எப்பப் பாத்தாக?

டாக்டரம்மா என்னமோ சொல்லுது. அது கொரலு மெல்லிசு, விளங்கல. ரொம்ப நேரமாச் சொல்லுது. இப்ப நிறுத்திருச்சு. ரெண்டு பேரும் பேசல. கேட்டுட்டு உக்காந்திருக்கு போல, அவுக சொல்லட்டும்னு. என் வாய் உள்ளுக்குள்ள தானா அசையுது தாயி, அவுகளுக்குப் பதிலா. பல்லக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்.

எனக்குக் காது ரெண்டும் அடச்சுப்போச்சு. ஒண்ணும் கேக்கல. எந்திரிக்கவும் முடியல. நீ கொஞ்சம் கதவுகிட்டப் போயி நில்லு தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும். என்னையப் பாக்காத, உள்ள கவனி. அவுக என்ன சொல்றாகளோ அத அப்படியே வந்து எனக்குச் சொல்லு. உன் வார்த்தையா ஒண்ணுகூடச் சேத்துறாத.